தோசைக்கல்லில் தொர்த்தியா: ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிய மொழி சொல்லித் தருகிறேன். சொந்த ஊர் மதுரை. ஸ்பானியம் படித்தது டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில். முதல் வாரமே ‘மேசா’ என்றால் மேசை என்று பேராசிரியர் எழுதிப் போட்டார். அட, இது நம்ம வீட்டுச் சொல்லாச்சே என்று தைரியம் வந்துவிட்டது. நம் மேசை போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்டுப்போனது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அங்கே படித்தது ஸ்பெயின் நாட்டு ஸ்பானியம். அதில் தொர்த்தியா என்றால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த கனமான ஆம்லெட். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், உணவுப் பாடத்துக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். வகுப்பில் பாதிப் பேர் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகள். பின்வரிசையில் ஒருவன், “மிஸ், அது முட்டை” என்றான். வகுப்பே சிரித்தது. அவர்களுக்குத் தொர்த்தியா என்றால் மக்காச்சோள மாவில் வட்டமாகத் தட்டிக் கல்லில் சுடும் ரொட்டி.

அன்று பிடித்த வீம்பு. நிஜத் தொர்த்தியாவை மக்காச்சோளத்திலிருந்தே தொடங்கிச் செய்துவிட வேண்டும். கடை மாவைத் தண்ணீர் ஊற்றிப் பிசைவதெல்லாம் கணக்கில் வராது. பதினொரு வருடம் தள்ளிப்போய் இந்த ஜனவரியில்தான் ஆரம்பித்தேன்.

காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி, அரைக்க வேண்டும். அப்படி வெந்த சோளம் நிஷ்தமால். பெயர் மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டிலிலிருந்து வந்தது: நெஷ்த்லி என்றால் சாம்பல், தமால்லி என்றால் வேகவைத்த சோள மாவு. சுண்ணாம்பு இல்லாத இடத்தில் சாம்பல் நீரிலேயே வேகவைப்பார்கள்.

முதல் ஞாயிறு. மெக்சிகோக் கடையில் வெள்ளைச் சோளமும் ‘கால்’ என்று எழுதிய சுண்ணாம்புப் பொட்டலமும் வாங்கினேன். வாங்குபவர்கள் உணவுக்கானதுதானா என்று பார்த்து வாங்குங்கள், கட்டட வேலைச் சுண்ணாம்பு வேண்டாம். போனில் அம்மாவிடம் சொன்னதும், “ஏண்டி, வெத்தலைக்குத் தடவுறதை அள்ளிச் சோளத்துல போடுவாங்களா?” என்றாள். போடுவார்கள், ஆனால் அள்ளி அல்ல. நான் கண்ணளவில் இரண்டு கரண்டி போட்டேன். வெந்த சோளம் மஞ்சளாக, சோப்பு வாடையோடு கசந்தது. அப்படியே குப்பைக்குப் போனது.

இரண்டாம் ஞாயிறு தராசு வாங்கியாயிற்று. 500 கிராம் சோளத்துக்கு 5 கிராம் சுண்ணாம்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். வாடை போயிற்று. ஆனால் பருப்பு வேகவைக்கிற பழக்கத்தில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டுவிட்டேன். மாவு பசை மாதிரி கையை விடவே இல்லை. பல்லில் கடித்தால் தோல் வழுக்க வேண்டும், நடுவில் சுண்ணக்கட்டி மாதிரி வெள்ளைப் புள்ளி மிச்சமிருக்க வேண்டும். எனக்கு அது நாற்பது நிமிடத்தில் வருகிறது. மீதியை ஊறல் பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சுண்ணாம்பு தோலை உரிக்க மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வகை வைட்டமின் உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதை அவிழ்த்துவிடுவது சுண்ணாம்புதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, இந்தச் சமையல் முறை கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்துச் சிவந்தது. ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியில் காஸ்பார் காசால் என்ற மருத்துவர் 1735இல் அந்த நோயை ‘ரோஜா நோய்’ என்று எழுதிவைத்தார். இன்று அதற்குப் பெல்லக்ரா என்று பெயர். போன மாதம் இதை வகுப்பில் சொன்னேன். வினைச்சொல் விகுதிகளுக்குத் தூங்குகிற பிள்ளைகள் இதற்குத் தலைநிமிர்ந்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு அரைப்பு. வெட் கிரைண்டர் இருக்கும்போது என்ன கவலை என்று இருந்தேன். தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்ததில் கடைசியில் கிடைத்தது அருமையான தோசை மாவு. தண்ணீரைக் குறைத்தால் கல் நின்றுவிடுகிறது, பெல்ட் கருகும் வாசனை வேறு. இருந்ததைத் தோசையாகவே ஊற்றிச் சட்னியோடு சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது தொர்த்தியா இல்லை.

படிக்கும் காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் மெக்சிகோவின் வஹாகாவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டம்மா விடிகாலையில் நிஷ்தமாலை வாளியில் எடுத்துக்கொண்டு தெருமுனை மில்லுக்குப் போவார். மாவு மில்லுக்குத் தூக்குச்சட்டியோடு போகும் எங்கள் தெருப் பெண்களேதான். மில் வருவதற்கு முன்னால் மெத்தாத்தே, அதாவது மூன்று கால் வைத்த அம்மி. அன்று அதையெல்லாம் பார்த்துப் புதுச் சொற்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். கையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நான்காம் ஞாயிறு, கொலம்பியாவில் செய்த இரும்புக் கை மில் ஒன்று பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது. தோள் கழன்றுவிட்டது. மாவு ரவை மாதிரி கொரகொரப்பு, தட்டினால் விரிந்து உதிர்ந்தது. ஃப்ரீஸரில் தள்ளிவிட்டேன். ஐந்தாம் ஞாயிறு விடைத்தாள் திருத்தல்.

ஆறாம் ஞாயிறு திருகை இறுக்கி இரண்டு தடவை அரைத்தோம். ‘தோம்’ என்றால் இரண்டாவது தடவை வீட்டுக்காரர். பதம் வந்தது, வட்டம் வந்தது, ஆனால் ஒன்றுகூட உப்பவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் புலம்பினேன். மறுநாள் ஒரு மாணவி பாட்டியிடம் கேட்டு வந்தாள். “மிஸ், ஒரு உருண்டையை அமுக்கிப் பார்க்கணுமாம். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாதாம். கல் இன்னும் காயணுமாம்.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “இதெல்லாம் தெரியாமலா டீச்சர் ஆனாங்கன்னு பாட்டி கேட்டாங்க” என்றாள்.

ஏழாம் ஞாயிறு, ஓரம் வெடிக்காத வரை தண்ணீர் சேர்த்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விட்டேன். எலுமிச்சை அளவு உருண்டை, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அச்சில் ஒரு அழுத்து. இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் பக்கம் இருபது விநாடி, கல்லை விட்டதும் திருப்பி முக்கால் நிமிடம், மறுபடி திருப்பி விரலால் லேசாக ஒரு அழுத்து. நான்காவது தொர்த்தியா பூரி மாதிரி எழும்பியது. மொத்தம் 26 சுட்டதில் உப்பியது 11. துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் உப்பாதவையும் மெத்தென்று ஆகிவிடுகின்றன.

தொர்த்தியா உப்பினால் ‘இனி நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்’ என்பது மெக்சிகோவில் சொல்லும் பேச்சு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பதினாறு வருஷம் லேட்” என்றபடி ஐந்தாவதைப் புளிக்குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் ஞாயிற்றின் கொரகொர மாவு இன்னும் ஃப்ரீஸரில் இருக்கிறது. இலையில் கட்டி ஆவியில் வேகவைக்கும் தமாலுக்கு அந்தப் பதம்தான் வேண்டுமாம், பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறார். சோளத்தோகை வாங்கிவிட்டேன்.