ரசா தீவில் கட்டாலா பார்க்கப் போகிறவர்களுக்கு

பிலிப்பைன்ஸின் பலாவான் தீவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வடக்கே எல் நிடோ என்ற கடற்கரை ஊருக்கே ஓடுவது எரிச்சலாக இருக்கிறது. தெற்கே நர்ரா என்ற ஊரின் கரைக்கு எதிரில் ரசா என்ற குட்டித் தீவு. காட்டில் சுமார் ஆயிரம் மட்டுமே மிஞ்சியிருக்கும் பிலிப்பைன் காக்கட்டூ என்ற வெள்ளைக் கிளியில் நல்ல பங்கு அங்கேதான். ஊர்க்காரர்கள் கட்டாலா என்கிறார்கள்.

பலாவானின் தலைநகர் புவேர்ட்டோ பிரின்சேசாவிலிருந்து நர்ராவுக்கு வேனில் சுமார் 2 மணி நேரம். ஆள் நிரம்பாமல் வண்டி எடுக்கமாட்டார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். "தனி வண்டி" என்று ஆசைகாட்டி முழு வண்டிக் காசையும் கறக்கப் பார்ப்பார்கள், மசியாதீர்கள். படகு வாடகை தலைக்கு இவ்வளவு என்றில்லை, மொத்தமாகத்தான். நாலு பேராகச் சேர்ந்தால் கட்டுப்படியாகும். அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பறவைக் காவலரோடுதான் தீவுக்குப் போகவேண்டும்.

சாயங்காலம் 4 மணிக்கு மேல் அலையாத்திப் பக்கம் பாருங்கள். பகலில் எதிர்க்கரைப் பெருநிலத்தில் மேய்ந்தவை அடைய வரும் நேரம் அது. தூரத்தில் கொக்கு என்று ஏமாந்துவிடலாம். கொக்கு கழுத்தை மடக்கி நிதானமாகச் சிறகடிக்கும். கட்டாலா படபடவென்று, கத்திக்கொண்டே வரும். உட்கார்ந்ததும் வாலடியைப் பாருங்கள்: வெள்ளை உடம்பில் அங்கே மட்டும் செம்மஞ்சள் சிவப்பு. அடடா, என்ன அழகு! நம் முருங்கை மரமும் அதன் தீனிகளில் ஒன்று.

1998-இல் இந்தத் தீவில் 20 சொச்சம்தான் இருந்தன. கட்டாலா அறக்கட்டளை செய்த காரியம் அபாரம்: குஞ்சு திருடிக்கொண்டிருந்தவர்களையே சம்பளம் கொடுத்துக் காவலராக்கியது. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத்தானே அத்துப்படி! இனப்பெருக்கக் காலத்தில் மரமேறிக் குஞ்சுகளை எடைபோட்டு, காலில் வளையம் மாட்டுகிறார்கள். எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது.

ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. இந்தப் பறவையால் புதுப் பொந்து குடைய முடியாது. பொந்து விழுந்த முதிய மரம் வெட்டுப்பட்டால் அந்த ஜோடிக்குக் கூடில்லை. மழை பொய்த்த வருடம் தீனி கிடைக்காமல் குஞ்சுகள் பட்டினியில் சாகின்றன. பெருநிலத்துக்கு மேயப்போகும் பறவைக்குக் கண்ணிக்காரன் பயம், சோளக்கொல்லைக்காரன் கோபம் இரண்டும் உண்டு.

செலவைக் குறைக்க வேண்டுமானால் அறையில் குறையுங்கள், காவலருக்குக் கொடுப்பதில் வேண்டாம். குஞ்சு இருக்கும் மாதங்களில் பொந்து மரத்தடியில் நின்று படமெடுக்காதீர்கள். தாய்ப்பறவை தீனியோடு வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.