வெற்றிடக் குழாய் செய்து பார்த்தது: ராண்ட்ஜன் நின்ற இடத்துக்குச் சற்று முன்பு வரை

இப்போது எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குழாயில் காற்றழுத்தம் 30 மைக்ரான் (அழுத்தத்தின் அலகு, கீழே விளக்குகிறேன்) வரை இறங்கி அங்கேயே நிற்கிறது. 3 கிலோவோல்ட் சப்ளையில் அழகாக எரிகிறது. கேத்தோடுக்கு (எதிர்மின்முனை) முன்னால் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் இருட்டு, அதன் பிறகு நீல ஒளி, அதற்கப்பால் மறுபடி இருட்டு, ஆனோடுப் (நேர்மின்முனை) பக்கம் கொஞ்சம் இளஞ்சிவப்பு. ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் 1870களில் பார்த்து எழுதிய இருண்ட பகுதியை அறையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளக்க முடிகிறது.

எக்ஸ்-கதிர் எடுப்பது என் நோக்கம் கிடையாது. அது வீட்டில் செய்கிற வேலையும் கிடையாது. எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. மின்சாரத்தைக் காற்று குறைந்த குழாயில் செலுத்திப் பார்ப்பது 1700களிலேயே தொடங்கிவிட்டது. எக்ஸ்-கதிர் ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கண்ணில் பட்டது 1895இல். நடுவில் இத்தனை வருடம் ஏன்? படித்தவரையில் எனக்குத் தோன்றிய பதில், பம்பு. குழாய்க்குள் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்பதுதான் அந்தந்தக் காலத்து விஞ்ஞானி எதைப் பார்க்க முடியும் என்பதை முடிவு செய்தது. அப்படியென்றால் ஒரே குழாயில் காற்றை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே போனால், மீட்டரில் எண் இறங்க இறங்க அந்த வரலாறு வரிசையாகக் கண்முன் வர வேண்டும். அதைப் பார்க்கத்தான் இந்த வேலை.

குழாயும் பம்பும்

பம்பு ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இரண்டு ஸ்டேஜ் ரோட்டரி வேன் பம்பு. அழுத்தம் பார்க்க அவர்களிடம் இருக்கும் அதே மைக்ரான் கேஜ். 1000 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்று 7,60,000 மைக்ரான். கேஜ் சுமார் 20,000க்குக் கீழேதான் எண் காட்டத் தொடங்கும், எனக்கு அது போதும்.

குழாய் சாதாரண சோடா கண்ணாடி, 4 செ.மீ. விட்டம், தடித்த சுவர். இரண்டு முனையிலும் லேத்தில் கடைந்த அலுமினிய மூடி, ஓ-ரிங் வைத்து. மின்முனைகளுக்கு இடையே 25 செ.மீ. அலுமினியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வாயு அயனிகள் கேத்தோடில் மோதும்போது உலோகம் பெயர்ந்து கண்ணாடியில் கறுப்பாகப் படியும். அலுமினியத்தில் அது மிகக் குறைவு. அந்தக் காலத்துக் குழாய்களிலும் அதனால்தான் அலுமினியம்.

ஆனோடை எர்த் செய்திருக்கிறேன். பம்பின் குழாயும் கேஜும் அந்தப் பக்கம்தான். மாற்றிப் போட்டால் மின்னிறக்கம் குழாயை விட்டுவிட்டுப் பம்பு ஹோஸ் வழியாக உலோகத்தைத் தேடி ஓடும். கேத்தோடு பக்கம் நெகட்டிவ் உயர் மின்னழுத்தம். அதை முழுக்க பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டேன். மொத்தக் குழாயும் பாலிகார்பனேட் தடுப்புக்குப் பின்னால். கண்ணாடி உள்வாங்கி உடைந்தால் சில்லுகள் எல்லாப் பக்கமும் தெறிக்கும், ஆகவே இது தவிர்க்கக் கூடாத செலவு.

சப்ளை: பழைய எல்சிடி மானிட்டரின் பேக்லைட் இன்வெர்ட்டர், அதன் பின்னால் மின்னழுத்தத்தைப் பெருக்கும் டயோடு-கெப்பாசிட்டர் மல்டிப்ளையர். சுமை இல்லாதபோது 3 கிலோவோல்ட். வரிசையில் ஒரு பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் கரண்ட் சில மில்லியாம்பியரைத் தாண்டாது. அதுவே ஆளைத் தூக்கி அடிக்கப் போதும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதை ஷார்ட் செய்யாமல் கையை அருகே கொண்டுபோவதில்லை.

3 கிலோவோல்ட்டோடு நிறுத்தியதற்கும் காரணம் இருக்கிறது. அந்த அளவு ஆற்றலில் எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதி எக்ஸ்-கதிர் கொஞ்சம் பிறந்தாலும் அது கண்ணாடிச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும். ராண்ட்ஜனின் ரும்கார்ஃப் சுருள் (மின்னழுத்தத்தை உயர்த்தும் தூண்டு சுருள்) கொடுத்தது பல பத்தாயிரம் வோல்ட். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் என் பாதுகாப்பு. யாராவது இதைப் படித்துவிட்டு, சப்ளையை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று நினைத்தால், தயவு செய்து வேண்டாம். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி எக்ஸ்-கதிர்க் குழாய்களை வருடக்கணக்கில் கையாண்டு, இரண்டு கைகளையும் இழந்து, 1904இல் புற்றுநோயில் இறந்தார்.

எண் இறங்கும்போது

முதலில் கேஜ் 400 பக்கத்தில் பிடிவாதமாக நின்றது. கசிவு என்று எல்லா இணைப்பையும் சோதித்தேன், கசிவு இல்லை. கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டியிருந்த ஈரம்தான் ஆவியாக வந்துகொண்டே இருந்தது. பம்பு ஓடும்போதே ஹேர் டிரையரால் குழாய் நெடுகச் சூடு காட்டினேன். எண் முதலில் ஏறியது, அப்புறம் சரசரவென்று இறங்கியது. பழைய ஆட்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள், குழாயைச் சூடாக்கிக்கொண்டே பம்பு அடிப்பது. அவர்கள் பம்பில் மோட்டார் இல்லை, பாதரசம். தன் குழாய் பம்பிலேயே இணைந்திருக்கிறது, காற்றை எடுத்து முடிக்கப் பல நாள் பிடிக்கிறது என்று ராண்ட்ஜன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மோட்டார் பம்பைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும் எனக்கு அதைப் படித்தபோது அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்தது.

1500 மைக்ரான் சுமாருக்கு வந்ததும் குழாய் பற்றிக்கொண்டது. முனைக்கு முனை இளஞ்சிவப்பு ஒளி, கேத்தோடின் முகத்தில் மட்டும் மெல்லிய நீலப் படலம். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய இருட்டு. மைக்கேல் ஃபாரடே 1838இல் கவனித்த இடைவெளி அதுதான், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவரிடம் இருந்தது பிஸ்டன் பம்பு.

இன்னும் இறங்கியதும் இளஞ்சிவப்புப் பகுதி தட்டுத் தட்டாகப் பிரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஒளி வில்லைகள், நடுவில் மெல்லிய இடைவெளி. அழுத்தம் மாறினால் வில்லைகளின் இடைவெளியும் மாறுகிறது. இதைப் படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரில் அது அசைகிறது, நடுங்குகிறது, சில சமயம் மெதுவாக ஒரு பக்கமாக நகர்கிறது. வெகு நேரம் வேறெதுவும் செய்யாமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பான் நகரத்தின் கண்ணாடி ஊதுபவர் ஹைன்ரிக் கைஸ்லர் செய்த குழாய்கள் ஐரோப்பா முழுக்க ஏன் வேடிக்கைப் பொருளாக விற்றன என்பது புரிந்தது. கைஸ்லர் 1855இல் பாதரசப் பம்பு செய்தார், அதிலிருந்துதான் இந்தக் குழாய்கள் வந்தன. தோலும் எண்ணெயும் வைத்து அடைத்த பிஸ்டன் எங்கோ ஓரிடத்தில் கசியும். பாதரசத் தம்பம் கசியாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

இந்தக் கட்டத்தில் காந்தம் வைத்துப் பார்த்தேன். நியோடிமியம் காந்தத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் ஒளித்தம்பம் காந்தத்தை நோக்கியும் வரவில்லை, விலகியும் போகவில்லை. மேல்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. காந்தத்தைத் திருப்பிப் பிடித்தால் கீழ்ச்சுவருக்கு. மின்னோட்டத்தின் திசை, காந்தப் புலத்தின் திசை இரண்டுக்கும் செங்குத்தாக விசை என்று பள்ளியில் விரலை விரித்துக் காட்டிப் படித்தது அப்படியே நடக்கிறது. கைஸ்லரின் குழாய்களை வைத்து ஜூலியஸ் ப்ளூக்கர் 1858இல் செய்ததும் இதுதான். இதே காந்தச் சோதனைதான் பின்னால் ராண்ட்ஜனுக்கு எக்ஸ்-கதிரை அடையாளம் காண உதவியது.

இருட்டு வளர்கிறது

300 மைக்ரானுக்குக் கீழே கேத்தோடை ஒட்டி இன்னொரு இருட்டு தெளிவாகத் தெரியத் தொடங்கியது. இது குரூக்ஸ் பெயரில் உள்ளது. அளந்த எண்கள்: 300 மைக்ரானில் ஒரு செ.மீ., 100இல் மூன்று, 50இல் ஐந்து, 30இல் எட்டு. அழுத்தத்தையும் நீளத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒரே எண் வருகிறது, கடைசியில் மட்டும் கொஞ்சம் குறைகிறது. கேத்தோடு முகம் முழுவதையும் ஒளி மூடிய பிறகு மின்னழுத்தம் ஏறத் தொடங்கும், அப்போது இருண்ட பகுதி சற்றுச் சுருங்கும். ஆகவே அந்தக் குறைவு எதிர்பார்த்ததுதான்.

இந்த இருட்டில்தான் விஷயமே இருக்கிறது. கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் இந்தப் பகுதியில்தான் வேகம் எடுக்கிறது. காற்று நிறைய இருந்தால் எடுத்த வேகத்தை மோதி மோதி உடனே இழந்துவிடும், அதனால் இருட்டு குட்டையாக இருக்கிறது. காற்று குறையக் குறைய இருட்டு நீள்கிறது. ஒரு கட்டத்தில் அது குழாயையே நிறைத்துவிடும். அப்போது குழாய்க்குள் ஒளி கிட்டத்தட்ட இருக்காது, எதிர்ப்பக்கக் கண்ணாடிதான் பச்சையாக ஒளிரும். எலக்ட்ரான்கள் தடையின்றி ஓடிப் போய்ச் சுவரில் அறைகின்றன என்று அர்த்தம். ஹிட்டோர்ஃப் 1869இல் இடையில் ஒரு பொருளை வைத்து அதன் நிழல் கண்ணாடியில் விழுவதைக் காட்டினார். கோல்ட்ஸ்டீன் 1876இல் இதற்குக் கேத்தோடு கதிர் என்று பெயர் வைத்தார். குரூக்ஸ் 1879இல் ஷெஃபீல்டில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் இதையெல்லாம் செய்து காட்டினார்.

என் குழாய் அந்தப் பச்சைக் கட்டத்துக்கு வரவில்லை. குரூக்ஸ் அழுத்தத்தை வளிமண்டலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதுவார். என் 30 மைக்ரான் அவர் கணக்கில் சுமார் 40. அவர் ஒன்று, ஒன்றுக்கும் கீழே என்று போனார். அங்கே போக அவருக்கு ஸ்பிரெங்கலின் பம்பு வேண்டியிருந்தது. 1865இல் வந்த அது, சொட்டுச் சொட்டாக விழும் பாதரசத்தின் இடையில் காற்றைச் சிறிது சிறிதாகச் சிறைப்பிடித்துக் கீழே இழுத்துப் போகும். என் ரோட்டரி பம்பு தோற்கும் இடத்தில் அது தொடர்ந்து வேலை செய்தது. மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாக உறைத்தது: எக்ஸ்-கதிர் பிறக்கத் தேவையான குழாய் 1870களின் கடைசியிலேயே தயார்.

அட்டை உறை

அப்படியானால் 1879க்கும் 1895க்கும் நடுவில் அந்தக் கதிர் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் பிறந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் குட்ஸ்பீட், ஜென்னிங்ஸ் என்ற இருவர் 1890இல் குரூக்ஸ் குழாயை எரியவிட்டபோது அருகில் இருந்த புகைப்படத் தகட்டில் நாணயத்தின் நிழல் பதிந்தது. என்னவென்று புரியாமல் எடுத்து வைத்துவிட்டார்கள். 1896இல் ராண்ட்ஜனின் கண்டுபிடிப்புச் செய்தி வந்த பிறகுதான் அது என்ன என்பது தெரிந்தது.

ராண்ட்ஜன் என்ன வித்தியாசமாகச் செய்தார் என்பதை நான் ஓரளவு செய்து பார்க்க முடிந்தது. 1895 நவம்பர் 8, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க். குழாயைக் கறுப்பு அட்டையால் நெருக்கமாக மூடி, அறையை இருட்டாக்கி, ஒளி கசிகிறதா என்று பார்த்தார். நானும் என் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி இருட்டில் உட்கார்ந்தேன். முதல் சில நிமிடம் எல்லாம் சரியாக மூடியிருப்பதாகத்தான் தெரிந்தது. கண் பழக அரை மணி நேரம் விட்ட பிறகு பார்த்தால் மூடியின் விளிம்பில் ஒரு கோடு, அட்டை மடிப்பில் புள்ளிகள், எல்லா இடத்திலும் ஒளி. டேப் ஒட்டி, மறுபடி இருட்டில் உட்கார்ந்து, மறுபடி ஒட்டி, முழு இருட்டு வரப் பொறுமை தேவைப்பட்டது. அந்த இருட்டில்தான் அவருக்குத் தள்ளிக் கிடந்த பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற ஒளிரும் பொருள் பூசிய திரை மினுங்கியது தெரிந்திருக்கிறது. அறை பாதி வெளிச்சமாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

அடுத்து அவர் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிலிப் லெனார்டு மெல்லிய அலுமினியத் தகட்டு ஜன்னல் வழியாகக் கேத்தோடு கதிரை வெளியே எடுத்திருந்தார். அது காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். இந்தத் திரையோ இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் ஒளிர்ந்தது. அப்படியானால் இது அந்தக் கதிராக இருக்க முடியாது. பிறகு காந்தத்தை எடுத்தார். குழாய்க்குள் கேத்தோடு கதிரை வளைத்து, அது கண்ணாடியில் படும் இடத்தை நகர்த்தினார். புதிய கதிர் கிளம்பும் இடமும் கூடவே நகர்ந்தது. வெளியே வந்த கதிரைக் காந்தத்தால் வளைக்கப் பார்த்தார், வளையவில்லை. ஒரே காந்தம், இரண்டு விடை: பிறப்பிடம் கண்ணாடிச் சுவர், பிறப்பது வேறொன்று. என் குழாயில் ஒளித்தம்பம் காந்தத்துக்கு எவ்வளவு சுலபமாக வளைகிறது என்று பார்த்த பிறகு, எதுவுமே வளையாத அந்த முடிவு எவ்வளவு பலமான சான்று என்பது கையில் தெரிகிறது.

ஆயிரம் பக்கப் புத்தகத்தைத் தாண்டியது, ஒன்றரை மில்லிமீட்டர் ஈயம் தடுத்தது, டிசம்பர் 22இல் மனைவி பெர்த்தாவின் கை எலும்பு மோதிரத்தோடு பதிந்தது, 28இல் கட்டுரையைக் கொடுத்தது எல்லாம் பலரும் அறிந்த கதை. காப்புரிமை வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில வாரங்களில் உலகமெங்கும் மருத்துவர்கள் படம் எடுக்கத் தொடங்க அதுவும் ஒரு காரணம்.

அடுத்த வேலை

கேத்தோடு தட்டின் நடுவில் 2 மி.மீ. துளை போட்டு, பின்பக்கம் ஆறு சென்டிமீட்டர் இடம் விடும்படி புது மூடி கடையக் கொடுத்திருக்கிறேன். 1886இல் கோல்ட்ஸ்டீன் இப்படித் துளையிட்ட கேத்தோடின் பின்னால் எதிர்த்திசையில் ஓர் ஒளிக்கற்றை வருவதைக் கண்டார். அது நேர்மின் அயனிகளின் ஓட்டம். இதற்குப் பச்சைக் கட்டம் தேவையில்லை, 100 மைக்ரானுக்குக் கீழே என் பம்பிலேயே தெரிய வேண்டும். நியோடிமியம் காந்தத்துக்கு அது எவ்வளவு வளைகிறது என்று பார்க்கப் போகிறேன். அயனி எலக்ட்ரானைவிடப் பல ஆயிரம் மடங்கு கனம், ஆகவே கண்ணுக்குத் தெரிகிற அளவு வளையாது என்பது என் கணிப்பு. மூடி வந்ததும் அளவுகளோடு எழுதுகிறேன்.