செத்த குளவியில் வெள்ளைப் பஞ்சு

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈர டிசு விரித்து, அதன்மேல் செத்த குளவியை வைத்தால் மூன்று நான்கு நாளில் வயிற்றுக் கண்டங்களின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கலாம். பூச்சிகளைக் கொல்லும் பியூவேரியா என்ற பங்கசு அப்படித்தான் வெளிவரும். வெள்ளையாகத் தொடங்கிப் பச்சைத் தூளாக மாறினால் மெற்றாறைசியம் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லிப் பங்கசாக இருக்கலாம்.

ஆனால் பஞ்சைக் கண்டதும் அதுதான் கொன்றது என்று முடிவு கட்டாதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் எந்தச் செத்த பூச்சியிலும் பூஞ்சணம் ஏறிவிடும். முதலில் உடலை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைற்றுக் கரைசலில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, கிருமி நீக்கிய நீரில் மூன்று தரம் அலசுங்கள். மேலே ஒட்டியிருந்தது பெரும்பாலும் போய்விடும். பிறகு உள்ளிருந்து முளைப்பதே நம்பத்தக்கது. அதையும் வளர்த்து, நல்ல குளவிகளில் பூசி, அவை சாகின்றனவா என்று பார்த்தால்தான் உறுதி. இடுக்கியாலேயே பிடியுங்கள், செத்த குளவியின் கொடுக்கும் குத்தும்.

பூசும்போது சறுக்குவது ஒரே இடத்தில்: பங்கசின் வித்திகள் நீரில் கலக்காமல் மிதக்கும். சவர்க்காரம்போல் நீரோடு சேர்த்துவைக்கும் ட்வீன் 80 என்ற பொருளை 0.05 சதவீதம் சேர்த்தால் கலந்துவிடும். மில்லிலீற்றருக்கு 1 கோடி வித்திகள் தொடங்குவதற்கு நல்ல அளவு. ஒப்பிட்டுப் பார்க்க, அதே ட்வீன் நீரை மட்டும் பூசிய குளவிகளும் பக்கத்தில் இருக்கவேண்டும். வித்திகள் முளைக்கும் திறனை முந்திய நாளே ஏகார் என்ற வளர்ப்புக் கூழில் இட்டுப் பாருங்கள். பாதி செத்த வித்தியை வைத்துக்கொண்டு பங்கசைக் குறை சொல்வது வீண்.

இந்த வித்திகள் பூச்சியின் தோலில் ஒட்டினாலே போதும், பூச்சி அவற்றைத் தின்னவேண்டியதில்லை. முளைத்து, நொதியங்களால் தோலைக் கரைத்து உள்ளே போகும். நியூசிலாந்தில் 1940களில் வந்த ஜெர்மன் குளவியும் 1970களின் இறுதியில் நிலைகொண்ட பொதுக் குளவி என்ற இனமும், தேன்பனி என்ற பூச்சி சுரக்கும் இனிப்பு நீர் கிடைக்கும் பீச் மரக் காடுகளைப் பிடித்துக்கொண்டன. ஆய்வுகூடத்தில் பொதுக் குளவியைப் பங்கசுகள் கொன்றுமிருக்கின்றன. கூட்டைக் கொல்வதுதான் சிக்கல். வேலைக்காரக் குளவிகள் ஒன்றையொன்று துப்புரவாக்கும். நோயுற்ற குடம்பியை இழுத்து வெளியே போடும். செத்தவற்றின் இடத்தை இராணி முட்டையிட்டு நிரப்பிவிடும். வெயில் பட்ட வித்தி சில மணி நேரத்தில் செயலிழந்துவிடும். ஆகவே மரத்துக்கு மரம் தெளிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரையில் வைத்து, குளவியே கூட்டுக்குள் கொண்டுபோகச் செய்வதே வழி. மெல்லக் கொல்வது அங்கே குறையல்ல, வரம். இப்போது அங்கு அந்த வேலையைச் செய்வது பிப்ரோனில் என்ற பூச்சிமருந்து 0.1 சதவீதம் கலந்த புரத இரை.

நம்மூர்க் கூரையோரம் கூடுகட்டும், வயிற்றில் செம்மஞ்சள் பட்டி போட்ட கருங்குளவி வந்தேறியல்ல, இம்மண்ணுக்கே உரியது. மயிர்க்கொட்டிகளைப் பிடித்துத் தின்பது. தென்னை வண்டுக்கு வாங்கிய மெற்றாறைசியத்தை அதன் கூட்டில் கொட்டாதீர்கள். சாக நாட்கள் பிடிக்கும். கலைந்த கூடோ அந்த நிமிடமே கொட்டும்.