மாமியின் பிள்ளையைப் பார்க்கப் போன கதை

முதலில் வான்காரரைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. மாமி மாதாமாதம் காசு கட்டி ஸ்பொன்சர் செய்கிற பிள்ளையைப் பார்க்க, யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வர 22,000 ரூபா என்று பேசியிருந்தோம். பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பால் போவதுதான் கிட்டின வழி. ஆனால் கனடாவிலிருந்து வந்த மாமிக்கு முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக் கச்சான் வேண்டும். மாமி வேதக்காரி. இருந்தாலும் வன்னிக்குப் போய் முறிகண்டிக் கச்சான் இல்லாமல் திரும்புவதா? "அதுக்கென்ன அம்மா, போவம்" என்றார் சாரதி, வாயெல்லாம் பல். மாங்குளத்தால் சுற்றிக்கொண்டு போய் இறக்கியதும் மேலதிகக் கிலோமீற்றருக்கு 6,000, காத்து நிற்க வேறு காசு என்றார். கூடிப்போனால் 30 கிலோமீற்றர் ஐயா! சண்டை பிடித்து, போன வழிக்கு மட்டும் 15,000 கொடுத்துத் துலைத்துவிட்டேன். மாமி அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் கட்டுகிற காசே எங்கள் கணக்கில் பதினோராயிரம் சொச்சம்தான்.

கச்சான் நல்ல சூடு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மாமி ஆறு வருஷமாக ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தின் ஊடாக இங்கே ஒரு பெண்பிள்ளையை ஸ்பொன்சர் செய்கிறா. "படத்தைப் பார்த்துப் பிள்ளை தெரிவு செய்யிறது சந்தை மாதிரி இல்லையோ மாமி?" என்று வானுக்குள் கிளறினேன். கொரிய யுத்தத்தில் அநாதையான பிள்ளைகளுக்காகப் பெரிதாய்ப் பரவிய வழக்கம் இது. கொம்பாசன் என்ற கிறிஸ்தவ நிறுவனம் 1952 இல் தொடங்கியது, அதே மாதிரியான வேர்ல்ட் விஷனின் ஸ்பொன்சர் திட்டம் 1953 இல். மாமியை மடக்கலாம் என்று போனில் தேடினால், போன் மாமியின் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விபரம் எடுத்து 2013 இல் வந்த ஆய்வொன்று, கொம்பாசனில் சேர்ந்த பிள்ளைகள் ஒன்று முதல் ஒன்றரை வருஷம் வரை கூடப் படித்திருக்கிறார்கள் என்றது. "ஒரு வருஷம்தானே" என்று போனை வைத்துவிட்டேன்.

சந்திப்புக்குச் சட்டதிட்டம் கனக்க. கனடாப் பொலிஸ் அறிக்கை கேட்டார்கள், விலாசமோ போன் நம்பரோ கொடுத்து வாங்கக்கூடாது, எப்போதும் ஊர்க் கிறிஸ்தவ சபை ஆள் ஒருவர் கூட நிற்பார். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தால், முன்பின் தெரியாதவர்கள் நினைத்தபாட்டுக்கு ஒரு சின்னப் பிள்ளையின் வீட்டுக்குள் போகலாம் என்றிருந்தால்தான் பயம்.

எனக்குப் பிடிக்காதது வரவேற்பு. பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கைதட்டிப் பாட்டு, மாலை, பிறகு 'எங்கட' பிள்ளை ஒரு தாளை நடுங்க நடுங்க வாசித்தது. ஒரு பக்கத்தில் நாலு நன்றி. பதினொரு வயதுப் பிள்ளை என்ன கடன்பட்டது?

வீட்டுக்குப் போனதும் பயணம் மாறிவிட்டது. தாய் நெற்றியில் திருநீற்றோடு வாசலில் நின்றா. தகரக் கூரை, கூட்டிப் பெருக்கின முற்றம். நந்திக்கடல் றாலைப் புளி விட்டுப் பிரட்டி, நண்டுக் குழம்பு, முருங்கையிலை வறை, சிவப்பரிசிச் சோறு. குழம்பின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் மூன்றாம் தரம் கேட்டு வாங்கினேன். கை கழுவும்போதுதான் இந்தச் சாப்பாட்டுக்கு அவர்களுக்கு எவ்வளவு முடிந்திருக்கும் என்று உறைத்தது. கேட்கவும் முடியாது, கொடுக்கவும் கூடாதாம்.

"ஞாயிறு சபை, வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கல், ரெண்டையும் விடமாட்டன்" என்றா தாய். மாமி அதைக் கேட்டு ஒரு கடிதத்தை எடுத்தா. பிள்ளையின் கையெழுத்தில், கண்ணகி அம்மன் கோயிலில் எண்ணெய் இல்லாமல் கடல்தண்ணியில விளக்கு எரிஞ்சதைப் பார்த்தேன் என்று இருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் 'ஒரு திருவிழாவுக்குப் போனேன்', அவ்வளவுதான். தமிழ் தெரிந்த மாமிக்குத் தமிழ்ப் பிள்ளை எழுதியதை யாரோ மொழிபெயர்த்து, விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.

காசு என்ன செய்கிறது என்று நான் நேரடியாகவே கேட்டேன். பின்நேர வகுப்பு, கொப்பி, சப்பாத்து, வருஷத்தில் ஒருக்கா டொக்டர். "2022 இல சாமான் விலை ஏறேக்க அரிசியும் மாவும் தந்தவை, இல்லாட்டி அடுப்பெரிஞ்சிராது." பிறகு தன் கதைக்கு வந்தா. 2009 இல் பதினாலு வயதாம், மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் இருந்து கொஞ்ச நாள் படித்தாவாம். "அதோட நிண்டிட்டுது. இன்னுமொரு வருஷம் படிச்சிருந்தாலும் காணும்." நான் வானுக்குள் சொன்னது நினைவுக்கு வர, றால் கோதுகளை வழித்துக்கொண்டு எழும்பினேன்.

பிள்ளை ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தது. மாமி அனுப்பிய படங்கள் எல்லாம் அதற்குள். மாமியின் வீடு, பனி, பேரப்பிள்ளைகள் ஒன்றையும் அது கேட்கவில்லை. மூலை மடிந்துபோன ஒரு நாய்ப் படத்தை நீட்டி, "டொமி எப்பிடி இருக்கிறான்?" என்றது.

"நல்ல சுகம்" என்றா மாமி.

திரும்பி வந்த பஸ்ஸைச் சொல்லி வேலையில்லை. எஞ்சின் மூடியில் குந்தி வந்தோம், கொண்டக்டர் மிச்சக் காசை "பிறகு தாறன்" என்றவர் தரவே இல்லை. ஆனையிறவு தாண்டும்போது மாமி காதுக்குள் சொன்னா: "டொமி செத்து ரெண்டு வருஷமடா. அடுத்த கடிதத்தில என்னெண்டு எழுதிறது?"