லேசர் தொப்பி வாங்குவதற்கு முன்

முடி வளர்வதற்காகத் தலையில் சிவப்பு லேசர் ஒளி பாய்ச்சும் கருவி இது, சீப்பு வடிவிலும் வருகிறது. வாங்கும் முன் முதலில் உச்சந்தலையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பூனைமுடியாவது மிச்சமிருக்கும் இடத்தில்தான் லேசர் சிகிச்சை எடுபடும். மழமழவென்று பளபளக்கும் வழுக்கைக்கு இதை வாங்குவது வீண்செலவு.

சுமார் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி மயிர்க்கால் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது என்பதே பரவலான விளக்கம். வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி என்ற ஹார்மோனை அது குறைப்பதாக நிரூபணம் இல்லை. ஆகவே மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு போன்ற முடி உதிர்வு மருந்துகள் எடுப்பவர்கள் அவற்றை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம், கூடவே வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் வரும் எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) முத்திரையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2007இல் ஹேர்மேக்ஸ் லேசர் சீப்புக்குக் கிடைத்தது 510(கே) கிளியரன்ஸ். ஏற்கெனவே விற்பனையில் உள்ள கருவிக்கு இணையானது என்று காட்டினால் அது கிடைக்கும். புது மருந்துக்குக் கேட்கும் அளவு ஆதாரம் தேவையில்லை. இன்னொன்று: அந்த அனுமதி, தோல் நிறத்தை வெளுப்பிலிருந்து கருப்பு வரை 6 வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் 1 முதல் 4 வரையிலான நிறங்களுக்கே. நம்மில் பலர் 5ஆம் வகை. கருந்தோலில் மெலனின் என்ற நிறமி ஒளியை அதிகம் உறிஞ்சும் என்பதால், தோல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பலன் கெடுவது பெரும்பாலும் ஒளி தோலைத் தொடாததால்தான். தேங்காய் எண்ணெய் தடவிய தலை, வழுக்கையை மறைக்கத் தூவும் ஹேர் ஃபைபர், அடர்ந்த முடி எல்லாமே குறுக்கே நிற்கும். தலையை அலசித் துவட்டிவிட்டு, வகிடு பிரித்துப் பயன்படுத்துங்கள். சீப்பு என்றால் முன்நெற்றியிலிருந்து பின்னோக்கி, அரை அங்குலத்துக்கு ஒருமுறை சுமார் 4 விநாடி நிறுத்தி நகர்த்த வேண்டும். சரசரவென்று வாரினால் ஒன்றும் நடக்காது. வாரம் 3 நாள், விட்டு விட்டு. தினமும் இரட்டை நேரம் காட்டினால் சீக்கிரம் வளரும் என்று நினைப்பவர்களுக்கு: அளவு மீறினால் இந்த ஒளியின் தூண்டும் வேலையே மங்கிவிடும்.

முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனைகள் 26 வாரம் வரை நடத்தப்பட்டன, நீங்களும் 6 மாதம் பார்க்கத்தான் வேண்டும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள், கண்ணாடியை நம்பாதீர்கள். பலன் தெரிந்தாலும் கருவியைப் பரணில் போட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான்.

டாக்ஸிசைக்ளின் போல வெளிச்சத்துக்குத் தோலைக் கூசவைக்கும் மாத்திரை சாப்பிடும் நாட்களில் தொப்பியைத் தொட வேண்டாம். லேசர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து எரிகிறதா என்று சோதிப்பதும் கூடாது.