அண்ணாச்சி வெட்டுன அன்னாசியும் 137.5 டிகிரியும்

போன மாசம் சித்தப்பா எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் போட்டாரு. சூரியகாந்திப் பூ, நாட்டிலஸ் சங்கு, கேலக்ஸி, புயல் மேகம் எல்லாத்தையும் ஒரே படத்துல ஒட்டி, மேல ஒரு தங்கச் சுருள் வரஞ்சு, "கடவுள் போட்ட கணக்கு"ன்னு கீழ எழுதியிருந்துச்சு. எனக்கு சுள்ளுன்னு வந்துச்சு. சங்கு சுருள்தான், ஆனா அது அந்தத் தங்க விகிதச் சுருள் இல்ல, ஸ்கேல் வச்சு அளந்தாலே தெரிஞ்சிடும். குரூப்ல சண்டை போட்டா அம்மா திட்டுவாங்கன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன். ஆனா சூரியகாந்தி மட்டும் பொய் இல்லையே, அது ஏன் அப்படி இருக்குன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

சூரியகாந்திக்கு எங்க போறது, தெருமுனையில அன்னாசி விக்கிற அண்ணாச்சிகிட்ட போனேன் (ஆமா, அன்னாசி விக்கிற அண்ணாச்சி, இத நானே பத்து தடவை சொல்லி சிரிச்சாச்சு). தோலோட ஒண்ணு வேணும்னதும் ஒரு மாதிரி பாத்துட்டு குடுத்தாரு. வீட்டுல வந்து ஸ்கெட்ச் பேனாவால கண்ணுக்கு கண்ணு புள்ளி வச்சா மை ஒட்டவே இல்ல. அப்புறம் தங்கச்சியோட சிவப்பு நெயில் பாலிஷ எடுத்து, ஒரு கண்ணுல ஆரம்பிச்சு சாய்வா மேல போற வரிசைய ஒவ்வொண்ணா குறிச்சிட்டே வந்தேன். சாய்வு கம்மியா இருக்குற பக்கம் 8 வரிசை. அதுக்கு எதிர்ப்பக்கமா ஏறுற வரிசை முதல் தடவை எண்ணுனப்போ 12 வந்துச்சு, அய்யோ எல்லாம் பொய்யான்னு ஆயிடுச்சு, திரும்ப எண்ணுனா கொண்டைகிட்ட ரெண்டு வரிசைய ஒண்ணாக்கி வச்சிருக்கேன், சரியா எண்ணுனா 13. இன்னும் செங்குத்தா ஏறுற வரிசை 21. எல்லாமே பிபொனாச்சி நம்பர், 1, 1, 2, 3, 5, 8, 13, 21, முந்துன ரெண்டையும் கூட்டுனா அடுத்தது. நம்மூர் ஆளுங்க யாராச்சும் உடனே ஹேமச்சந்திரர்னு கமெண்ட் போடுவீங்க, கரெக்ட்தான், பிபொனாச்சிங்குற இத்தாலி கணக்குக்காரருக்கு முன்னாடியே 12ஆம் நூற்றாண்டுல இந்த சமண அறிஞர் யாப்புக் கணக்குல இதச் சொல்லியிருக்காரு. அது தனிக் கதை.

இந்த 8, 13க்கெல்லாம் அடியில ஒரே ஒரு கோணம்தான் இருக்கு. ஒரு கண்ணுக்கும் அதுக்கு அடுத்து முளைச்ச கண்ணுக்கும் நடுவுல சுமார் 137.5 டிகிரி. பக்கத்து பக்கத்து கண்ணு இல்ல, முளைச்ச வரிசைப்படி அடுத்தது. ஒரு பேப்பர எடுத்து போட்டுப் பாருங்க: 8 தடவை 137.5 சுத்துனா 1100 டிகிரி, அதாவது மூணு முழு சுத்து போக 20 டிகிரி மிச்சம். 13 தடவைன்னா அஞ்சு சுத்துக்கு 12.5 டிகிரி குறைச்சல். 21 தடவைன்னா எட்டு சுத்து போக 7.5 மிச்சம். அப்போ ஒரு கண்ணுக்கு கொஞ்சம் வலது பக்கம் தள்ளி அதோட எட்டாவது வாரிசு, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி பதிமூணாவது வாரிசு. நம்ம கண்ணுக்கு தெரியுற சுருள் எல்லாம் இந்த மிச்சமும் குறைச்சலும்தான். இது விளங்குன அன்னைக்கு நான் அந்தப் பழத்த ஒரு மணி நேரம் வெட்டாம உருட்டிக்கிட்டே இருந்தேன், அம்மா வந்து "சாப்பிடப் போறியா இல்ல ஜாதகம் பாக்கப் போறியா"ன்னு கேட்டாங்க.

சரி, ஏன் 137.5? தண்டுல இலை முளைக்கிறதும் இதே கதைதான், அதுல 90 டிகிரியா இருந்தா அஞ்சாவது இலை முதல் இலைக்கு நேர் மேல வந்து உக்காந்துரும். ஒரு முழு சுத்துல எந்த பின்னத்த எடுத்தாலும் கொஞ்ச நேரத்துல வரிசை கட்டி நின்னுடும், நடுவுல இடம் வீணாப் போகும். பின்னமா எழுத கடைசி வரைக்கும் அடம்பிடிக்கிற எண் தங்க விகிதம் (சுமார் 1.618), அதுலேர்ந்து வர்ற கோணம்தான் இது. கணக்குக்காரங்க இதோட திருப்தி ஆயிடுவாங்க. ஆனா செடிக்கு பின்னமும் தெரியாது, டிகிரியும் தெரியாது. நம்ம ஃபார்வர்ட் கோஷ்டி தப்பு பண்றது இங்கதான்.

1868லயே ஹோஃப்மைஸ்டர்னு ஒரு ஜெர்மன் தாவரவியல்காரர் சிம்பிளா சொல்லிட்டாரு: குருத்து நுனியில எங்க அதிகமா இடம் காலியா இருக்கோ அங்கதான் அடுத்த இலை முளைக்கும். பஸ்ல சீட் புடிக்கிற லாஜிக். இது மட்டும் போதுமான்னு 1992ல பாரிஸ்ல டுவாடி, கூடேன்னு ரெண்டு இயற்பியல்காரங்க செடியே இல்லாம செஞ்சு பாத்தாங்க. ஒரு தட்டுல சிலிகோன் ஆயில், அதோட நடுவுல காந்தத் திரவத்த சொட்டு சொட்டா விடுறாங்க, காந்தப் புலம் ஓரத்துல அதிகம், அதனால சொட்டு வெளிப்பக்கமா நகரும், அதே சமயம் ஒண்ண ஒண்ணு தள்ளும். மெதுவா விட்டா ஒவ்வொரு சொட்டும் முந்துன சொட்டுக்கு நேர் எதிரா, 180 டிகிரியில போகுது. வேகத்த கூட்டுனா பழைய ரெண்டு மூணு சொட்டு இன்னும் பக்கத்துலயே நிக்கும், எல்லாத்துக்கிட்டருந்தும் தப்பிச்சு போகணும், அப்போ கோணம் குறைஞ்சு குறைஞ்சு 137.5 பக்கம் வந்து நின்னுருச்சு! அங்க உயிரும் இல்ல, ஜீனும் இல்ல. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்சது இந்த எண்ணெய்த் தட்டுதான்.

அப்போ செடில அந்தத் "தள்ளுற" வேலைய யாரு பாக்குறா? ஆக்சின்னு ஒரு ஹார்மோன். 2000ல சுவிட்சர்லாந்துல பெர்ன்ல தக்காளிக் குருத்துல ஆக்சின் ஓட்டத்த தடுத்து விட்டாங்க, இலையே இல்லாம மொட்டையா ஊசி மாதிரி வளந்துச்சு. அந்த மொட்டைக் குருத்தோட ஒரு பக்கத்துல ஆக்சின் கொஞ்சூண்டு வச்சா, வச்ச இடத்துலேர்ந்து உறுப்பு முளைக்குது. 2003ல அதே க்ரூப் மீதியையும் சொல்லிட்டாங்க, ஏற்கனவே முளைச்ச இளம் இலை சுத்தியிருக்குற ஆக்சின உறிஞ்சிக்குது, அதனால பக்கத்துல புதுசு வர முடியாது, தள்ளி எங்க ஆக்சின் சேருதோ அங்கதான் வரும். காந்தச் சொட்டு தள்ளுறதும் இலை உறிஞ்சுறதும் வேற வேற சங்கதி, ஆனா முடிவு ஒண்ணு.

ஆனா எல்லா பூவும் சொன்ன பேச்ச கேக்காது. 2012ல மான்செஸ்டர்ல பொதுமக்கள வச்சு சூரியகாந்தி வளக்க வச்சு எண்ணுனாங்க, கம்ப்யூட்டர் முன்னோடி ஆலன் டியூரிங் தன் கடைசி வருஷங்கள்ல இதே கேள்விய நோண்டிட்டு இருந்தாருங்குற ஞாபகத்துக்காக. 657 பூவோட டேட்டா வந்துச்சு, பெரும்பாலும் பிபொனாச்சி, ஆனா எதுலயும் சேராத பூவும் இருந்துச்சு. கடவுள் கணக்குன்னா எல்லாத்துலயும் சரியா இருக்கணும்ல சித்தப்பா?

இஞ்சினியருங்க இத விடுவாங்களா. ஸ்பெயின்ல செவில் பக்கத்துல பிஎஸ்10னு ஒரு சோலார் டவர், 624 கண்ணாடி சூரியன டவர் உச்சிக்கு திருப்பி விடும், 11 மெகாவாட். கண்ணாடி ஒண்ணு மேல ஒண்ணு நிழல் போடக்கூடாது, இலைக்கு இருக்குற அதே தலைவலி. 2012ல நூன், டோரில்ஹோன், மிட்சோஸ்னு மூணு பேரு அதே கண்ணாடிங்கள சூரியகாந்தி மாதிரி அடுக்கி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தா நிலம் சுமார் 16 சதவீதம் கம்மியா போதுமாம், திறன் குறையல, இத்துனூண்டு கூடியும் இருக்கு. இது கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குதான், நட்டு வச்ச கண்ணாடிய யாரும் புடுங்கி மாத்தல.

நம்ம பக்கம் ஒரு ஆளு, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல இருந்த டி.ஏ.டேவிஸ், தென்னை மரத்துல இதையே வேற கேள்வியா கேட்டாரு: மட்டை சுருள் இடம்சுழியா வலம்சுழியா? ரெண்டும் கிட்டத்தட்ட சரிபாதி, அம்மா மரம் எப்படியோ புள்ள மரம் அப்படின்னும் இல்லன்னு 1962ல எழுதுனாரு. எங்க வீட்டுப் பின்னாடி அஞ்சு மரம் நிக்குது, அண்ணாந்து பாத்ததுல மூணு ஒரு பக்கம், ரெண்டு எதிர்ப்பக்கம். கழுத்து வலிதான் மிச்சம்.

ஞாயித்துக்கிழமை திரும்ப அண்ணாச்சிகிட்ட போனேன். அவரு தோல மெல்லிசா சீவிட்டு, முள்ளுக் கண்ண எடுக்க சாய்வா பள்ளம் பள்ளமா வெட்டிட்டே போவாரு. எண்ணுனேன், எட்டு. ஏன் எதிர்ப்பக்கமா வெட்டக்கூடாதுன்னு கேட்டேன். "அந்தப் பக்கம் போனா வெட்டு ஜாஸ்தி தம்பி, சதை போயிரும்"னாரு. அடுத்த பழத்த எடுத்தாரு, கத்திய வச்சாரு, வெட்டாம நிறுத்தி கைய மாத்திப் பிடிச்சாரு. என்னாச்சுன்னேன்.

"இது எதிர்சுழி. சிலது இப்படி வரும்."