இலவச இணையப் பாடம்: சேருமுன் கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளைப் பொதுவில் வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006-இல் ஓப்பன்லேர்ன் என்ற இலவசப் பாடத் தளத்தைத் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகம் 2007-இல் தன் வகுப்பறை விரிவுரைகளை அப்படியே படம்பிடித்து ஏற்றியது. பல பல்கலைக்கழகங்களின் பாடங்களைத் தரும் கோர்செரா, எடெக்ஸ் தளங்கள் 2012-இல் வந்தன. ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. முடிப்பவர்களுக்குத்தான் பஞ்சம். எம்.ஐ.டி., ஹார்வர்ட் இரண்டும் எடெக்ஸில் நடத்திய பாடங்களை அலசி 2019-இல் வெளிவந்த ஆய்வில், 2017-18-இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேரே கடைசிவரை போனார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் அது 46 சதவீதம். பணம் கட்டினால் படிப்பு ஏறும் என்று இதற்குப் பொருள் இல்லை. முடித்தே தீருவது என்று இருப்பவர்தான் பெரும்பாலும் பணத்தையே கட்டுகிறார்.

முதல் பிசகு நேரக் கணக்கில் நடக்கிறது. ஓப்பன்லேர்னில் ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம், எந்த நிலை என்று போட்டிருக்கும். முடித்தால் இணைய அடையாளச் சின்னம் தரும் பாடங்கள் பல 24 மணி நேரம்; வாரம் 3 மணி வீதம் 8 வாரம். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 20 நிமிடக் காணொளியை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்துப் பார்த்தால் 40 நிமிடம் ஓடிவிடும். காலெண்டரில் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்தை ஒதுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரே சமயத்தில் ஒரு பாடம் போதும். ஐந்தில் சேர்ந்துவைப்பது படிப்பு அல்ல, பட்டியல்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். சில தளங்களில் காணொளி மட்டும் இலவசம், மதிப்பெண் போடும் பயிற்சிகள் கட்டணத்துக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் இலவச அனுமதி சில வாரங்களில் காலாவதியாகும். சேர்ந்த அன்றே கெடு தேதியைப் பார்த்து, விரிவுரையின் எழுத்து வடிவத்தையும் வாசிப்புப் பட்டியலையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் பங்கேற்புச் சான்று. அதைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான மதிப்பெண்ணாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது, பார்ப்பதையே படிப்பதாக எண்ணுவது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரே பத்தியை நான்கு வேளை படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 40. ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் திரையை மூடிவிட்டு ஐந்தாறு வரி எழுதுங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதையே செய்யுங்கள். எழுத வராத இடம் எதுவோ, அங்கே மட்டும் காணொளிக்குத் திரும்பினால் போதும்.

வரலாற்றுப் பாடத்தில் விரிவுரை சுவையாக இருப்பதே ஆபத்து. பேராசிரியர் டொனால்ட் கேகனின் பண்டைய கிரேக்க வரலாறு யேல் தளத்தில் 24 விரிவுரைகளாக இருக்கிறது; கதைபோல இழுத்துக்கொண்டு போகும். ஆண்டுவரிசையையும் வரைபடத்தையும் கையால் போடாமல் கேட்டால் பத்தாவது விரிவுரையில் யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்பதே குழம்பிவிடும். மூல ஆவணம் வரும்போது எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சமூகவியல் பாடங்களில் சறுக்குவது எண்களில். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்துக்கும் பெண்களில் 35 சதவீதத்துக்கும் இடம் கிடைத்தது. பாரபட்சம் என்றுதான் தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்தது; சில துறைகளில் பெண்களே முன்னால். இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். ஏன் அந்தத் துறைகளுக்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு பதில் தராது. உண்மையில் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பாடத்தில் மொத்தச் சதவீதம் வந்தாலே, எப்படிப் பிரித்தால் இது மாறும் என்று கேட்டுப் பழகுங்கள்.

உடல்நலப் பாடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கடைசியாகத் திருத்திய தேதி. இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு மூச்சுப்பாதையைச் சரிசெய்து, மூச்சு ஊதி, பிறகே மார்பை அழுத்தச் சொல்லித்தந்தார்கள். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையை மாற்றி, பெரியவர்களுக்கு மார்பு அழுத்தத்தை முதலில் வைத்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்ற வரம்பு 2015-இல் வந்தது. பழைய காணொளி இன்னும் தேடலில் மேலே வரலாம். பார்வை எண்ணிக்கை அதன் வயதைச் சொல்லாது. அதோடு, 5 செ.மீ. எவ்வளவு பலம் கேட்கிறது என்பதைக் கை அறிய வேண்டும். அதற்குப் பயிற்சிப் பொம்மையும் திருத்த ஒரு ஆளும் தேவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இடர் பற்றிய எண்களும் அப்படித்தான். ‘ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்பது 1000 பேரில் 2 என்றிருந்தது 1 ஆனதாகவும் இருக்கலாம், 200 என்றிருந்தது 100 ஆனதாகவும் இருக்கலாம். அடிப்படை எண்ணைச் சொல்லாத பாடத்தை வைத்து மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

கலைப் பாடத்தில் விளக்கத்தைக் கேட்கும் முன் ஓவியத்தைப் பத்து நிமிடம் ஒலியில்லாமல் பாருங்கள். கேட்ட பிறகு, ஆசிரியர் சொன்னது மட்டுமே கண்ணில் படும். அளவையும் தேடிப் படியுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியம் மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். அதே இடத்தில் இருக்கும் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியமோ அரை மீட்டர்கூட இல்லை. திரையில் இரண்டும் ஒரே உள்ளங்கை அளவு. ஒரு நூலை எடுத்து அந்த நீளத்துக்குச் சுவரில் பிடித்துப் பார்த்தால், ஆசிரியர் ஏன் ஒன்றின் கூட்டத்தைப் பற்றியும் மற்றதன் ரொட்டித் துணுக்கைப் பற்றியும் பேசுகிறார் என்பது விளங்கும்.